மார்புச்சுவரும் நுரையீரல் உறையும்: உடற்கூற்றியல் விளக்கமும் தமிழ்ச் சொல்லாட்சியும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், நோயாளிகளுக்கென அச்சிடப்பட்ட தமிழ் விளக்கத்தாள் ஒன்று மொழித் திருத்தத்திற்காக நம்மிடம் வந்தது. நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரை ஊசிவழி வெளியேற்றும் மருத்துவமுறையைப் பற்றியது அது. அதில், 'நுரையீரலில் நீர் கட்டியிருப்பதால் நுரையீரலுக்குள் ஊசி செலுத்தி அந்நீர் எடுக்கப்படும்' என்றொரு தொடர் இடம்பெற்றிருந்தது. எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, தொடரமைப்பிலும் குறை காண இயலவில்லை. எனவே, அதனை அப்படியே விட்டுவிட்டோம்.

பின்னர், நமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவருக்கு அதே சிகிச்சை தேவைப்பட்டது. வேறொரு மருத்துவமனையில், வேறொருவர் வாய்மொழியாக ஏறத்தாழ அதே தொடரைத்தான் அவரிடம் கூறினார். அம்மூதாட்டி சிகிச்சைக்கு உடன்பட மறுத்துவிட்டார். "நுரையீரலைக் குத்திவிட்டால் மூச்சு எங்கே நிற்கும்?" என்பது அவருடைய வினா. அவ்வினாவில் பிழையேதும் இல்லை. பிழை அவருக்குச் சொல்லப்பட்ட தொடரில் இருந்தது. அச்சிகிச்சையில் ஊசி நுரையீரலுக்குள் செல்வதில்லை, செல்லவும் கூடாது.

மொழிப்பிழை எதுவுமற்ற ஒரு தொடர் பொருட்பிழை உடையதாக இருக்கக்கூடும் என்பதையும், அப்பிழையைக் காண்பதற்கு உடற்கூற்றியல் அறிவு ஓரளவேனும் தேவை என்பதையும் அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று. இக்கட்டுரை மார்புச்சுவரின் அமைப்பையும், நுரையீரலைச் சூழ்ந்துள்ள உறையின் அமைப்பையும் தமிழாசிரியர்க்கு விளங்கும் வகையில் எடுத்துரைக்கிறது. அதன்பின், அவற்றைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களின் பொருத்தத்தை ஆராய முற்படுகிறது.

மார்பைக் குறிக்கும் சொற்கள்

தமிழில் உடலின் இப்பகுதியைக் குறிக்கும் சொற்கள் பல. மார்பு, நெஞ்சு, ஆகம், அகலம் என்பன அவற்றுட் சில. சங்க இலக்கியத்தில் 'அகலம்' என்னும் சொல் பரந்த தன்மையால் மார்புக்குப் பெயராயிற்று. 'நெஞ்சு' என்பது உறுப்பையும் உள்ளத்தையும் ஒருங்கே சுட்டும். இன்றைய பேச்சுவழக்கில் 'நெஞ்சு வலி' என்றால் பெரும்பாலும் இதயநோய் என்றே கொள்ளப்படுகிறது. 'மார்பகம்' என்பது இக்காலத்தில் பெண்களின் மார்பகத்தை மட்டும் சுட்டும் அளவிற்குப் பொருள் சுருங்கிவிட்டது.

தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்தொலி தோன்றும் முறையைக் கூறுமிடத்து, உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுவதாகச் சொல்கிறது. இங்கு நெஞ்சு என்பது காற்றுத் தங்கும் இடம்; அஃதாவது இன்று நாம் மார்புக்கூடு என்று அழைக்கும் பகுதி. காற்று உந்தியிலிருந்து எழுவதாகக் கூறியிருப்பதை உதரவிதானத்தின் இயக்கத்தோடு ஒப்பிட்டுப் பேசுவோர் உளர். மூச்சு விடும்போது வயிறு உயர்ந்து தாழ்வதை முன்னோர் கூர்ந்து நோக்கியிருக்கலாம் என்பது வரையில் அவ்வொப்பீடு ஏற்கத்தக்கது. இக்கால உடற்கூற்றியல் முழுவதையும் அந்நூற்பாவில் காண முயல்வது நூலுக்கும் அறிவியலுக்கும் நன்மை பயக்காது.

இக்கட்டுரையில் உடற்பகுதியைச் சுட்ட 'மார்பு' என்னும் சொல்லையே பயன்படுத்துகிறோம்.

மார்புக்கூட்டின் எலும்புகள்

மார்புக்கூடு என்பது மேலே குறுகியும் கீழே அகன்றும் அமைந்த எலும்புக் கூண்டு. பின்புறத்தில் 12 மார்பு முள்ளெலும்புகளும், முன்புறத்தில் மார்பெலும்பும், இவற்றை இணைக்கும் 12 இணை விலா எலும்புகளும் இதன் உறுப்புகள். விலா எலும்பைப் 'பழுவெலும்பு' என்று கூறும் வழக்கும் தமிழில் உண்டு.

விலா எலும்புகள் அனைத்தும் பின்புறத்தில் முதுகெலும்போடு இணைகின்றன. முன்புறத்தில் அவை முடிவுறும் முறை வேறுபடுகிறது. முதல் ஏழு இணைகள் தத்தம் குருத்தெலும்பு வழியாக மார்பெலும்பை நேரே சென்று சேர்கின்றன. 8, 9, 10ஆம் இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்போடு பொதுவாக இணைந்துகொள்கின்றன. 11, 12ஆம் இணைகள் முன்புறத்தில் எதனோடும் இணையாமல் தசைக்குள் முடிவதால், அவற்றை மிதக்கும் விலாக்கள் என்பர்.

மார்பெலும்பைப் பண்டைய மேலை உடற்கூற்றியலார் குறுவாளோடு ஒப்பிட்டனர். மேற்பகுதி கைப்பிடி, நடுப்பகுதி அலகு, கீழ்நுனி வாள்முனை என்பது அவர்தம் உவமை. கைப்பிடியும் அலகும் சேருமிடத்தில் குறுக்கே ஒரு மேடு உண்டு. தொண்டைக் குழியிலிருந்து விரலைக் கீழ்நோக்கி நகர்த்தினால் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் அதனை யாரும் தொட்டறியலாம். இம்மேட்டின் இருபுறத்திலும் இரண்டாம் விலா வந்து சேர்கிறது. முதல் விலா காறையெலும்பின் பின்னே மறைந்திருப்பதால் அதனைத் தொட்டு எண்ணத் தொடங்குவது அரிது. ஆகையால் மருத்துவர் இம்மேட்டையே தொடக்கமாகக் கொண்டு இரண்டு, மூன்று, நான்கு என விலாக்களை எண்ணிக் கீழிறங்குகின்றனர்.

விலா எலும்புகள் பின்னிருந்து முன்னோக்கிச் சரிந்து இறங்குகின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது அவை இருவகையில் அசைகின்றன. மேல்விலாக்கள் முன்முனையை உயர்த்தி மார்பெலும்பை முன்தள்ளுகின்றன. இதனை அடிகுழாயின் கைப்பிடி உயர்வதோடு ஒப்பிடலாம். கீழ்விலாக்கள் பக்கவாட்டில் உயர்கின்றன; வாளியின் மேல் சாய்ந்து கிடக்கும் வளைகம்பியைத் தூக்கினாற் போன்றது அவ்வசைவு. முன்னது மார்பின் முன்பின் அளவையும், பின்னது குறுக்களவையும் பெருக்குகின்றன.

விலாவிடைத் தசைகளும் குழாய்களும்

இரு விலாக்களுக்கு இடைப்பட்ட வெளியை விலாவிடை என்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் 11 விலாவிடைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் மூன்று அடுக்குத் தசைகள் நிரப்புகின்றன. புறத்தசையின் இழைகள் கீழ்நோக்கியும் முன்னோக்கியும் செல்கின்றன. சட்டையின் முன்பைக்குள் கைவிடும்போது விரல்கள் செல்லும் திசை அது. அதற்கடுத்த உட்தசையின் இழைகள் அதற்குச் செங்குத்தான திசையில், கீழ்நோக்கியும் பின்னோக்கியும் செல்கின்றன. மூன்றாவதாகிய ஆழ்தசை மெல்லியது. இடத்துக்கிடம் விட்டுவிட்டு அமைவது. எதிரெதிர்த் திசையில் அமைந்த இழைகள் பாய்முடைவதைப் போல விலாவிடைக்கு உறுதி தருகின்றன. மூச்சிழுக்கும்போது விலாவிடை உட்குழிந்துவிடாமல் காப்பதும் இத்தசைகளின் பணி.

உட்தசைக்கும் ஆழ்தசைக்கும் இடையே சிரை, தமனி, நரம்பு ஆகிய மூன்றும் மேலிருந்து கீழாக இவ்வரிசையிலேயே ஒன்றாகச் செல்கின்றன. விலா எலும்பின் கீழ்விளிம்பின் உட்புறத்தில் இவற்றுக்கென ஒரு வாய்க்கால் அமைந்துள்ளது. ஒவ்வொரு விலாவும் தன் கீழ்விளிம்பின் மறைவில் இம்மூன்றையும் காத்து நிற்கிறது எனலாம்.

இவ்வமைப்பின் பயனை மருத்துவச் செயலில் காண்கிறோம். மார்புச்சுவரின் ஊடாக ஊசி செலுத்த வேண்டின், விலாவிடையின் கீழ் எல்லையாக அமைந்த விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே செலுத்த வேண்டும் என்பது விதி. மேலுள்ள விலாவின் கீழ்விளிம்பை ஒட்டிச் செலுத்தினால் குருதிக்குழாயும் நரம்பும் ஊறுபடும். 'மேல்', 'கீழ்' என்னும் இரு சொற்கள் இடம்மாறினால் விளையும் கேடு இத்தகையது. பாடநூல் மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மார்புக்கூட்டின் அடித்தளம் உதரவிதானம் என்னும் தசையாகும். உதரம் என்பது வயிறு. விதானம் என்பது மேற்கட்டி. வயிற்றுக்குள் நின்று மேல்நோக்கிப் பார்ப்பவருக்கே அது மேற்கட்டி. மார்புக்குள் நின்று பார்ப்பவருக்கு அது தரை. குவிமாடம் போல் உயர்ந்து நிற்கும் இத்தசை, சுருங்கும்போது தட்டையாகித் தாழ்கிறது. அமைதியான மூச்சில் பெரும்பங்கு வேலை இதனுடையதே.

உறையின் இரு படலங்கள்

தசைகளைக் கடந்து உட்சென்றால் மெல்லிய இணைப்புத்திசு ஒன்றும், அதற்கும் உட்புறமாக நுரையீரல் உறையும் அமைந்துள்ளன. இவ்வுறையைத்தான் நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

'உறை' என்றவுடன் தலையணை உறை, வாளுறை முதலியன நம் நினைவுக்கு வருகின்றன. அவை ஒற்றைச் சுவர் உடையவை. பொருள் அவற்றுக்குள் இருக்கும். நுரையீரல் உறை அத்தகையதன்று. காற்றுக் குறைந்த பந்து ஒன்றினை ஒருவர் தம் முட்டியால் பக்கவாட்டில் அழுத்துவதாகக் கொள்வோம். பந்தின் ஒரு பாதி முட்டியின்மேல் ஒட்டிப் படியும். மறு பாதி வெளியே சூழ்ந்து நிற்கும். முட்டி பந்தால் சூழப்பட்டுள்ளது. ஆயினும் பந்தின் உள்வெளிக்குள் அது நுழையவில்லை. முட்டியை நுரையீரலாகவும், மணிக்கட்டை மூச்சுக்கிளைக் குழாயும் குருதிக்குழாய்களும் நுழையும் நுரையீரல் வாயிலாகவும், பந்தை உறையாகவும் கொண்டால் உண்மையான அமைப்பு விளங்கும்.

நுரையீரலின்மேல் ஒட்டிப் படிந்த படலத்தை உள்ளுறுப்புப் படலம் என்றும், மார்புச்சுவரின் உட்புறத்தில் ஒட்டிய படலத்தைச் சுவர்ப்படலம் என்றும் கூறலாம். இரண்டும் வெவ்வேறு பைகள் அல்ல. நுரையீரல் வாயிலில் ஒன்று மடிந்து மற்றொன்றாகத் தொடர்கிறது. உள்ளுறுப்புப் படலம் நுரையீரலின் பிளவுகளுக்குள்ளும் புகுந்து ஒட்டியிருக்கும். சுவர்ப்படலம் தான் ஒட்டியிருக்கும் இடத்திற்கேற்ப நான்கு பகுதிகளாகப் பேசப்படும்: விலாக்களை ஒட்டியது, உதரவிதானத்தை ஒட்டியது, இதயம் அமைந்த நடுப்பகுதியை ஒட்டியது, கழுத்தடியில் குவிமாடமாக உயர்ந்தது. இறுதியிற் கூறிய குவிமாடம் காறையெலும்பின் உட்பகுதிக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் வரை உயர்கிறது. கழுத்தடியில் நேரும் காயம் நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

இரு படலங்களுக்கும் இடையே உள்ளது உறையிடைவெளி. இயல்பான நிலையில் இது வெளியாகக் காட்சி தராது. சில மில்லிலிட்டர் நீர் மட்டும் அங்கு மெழுகியது போல் பரவியிருக்கும். ஈரமான இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை எளிதில் வழுக்கும். ஆயினும் பிரித்தெடுப்பது கடினம். இரு படலங்களின் உறவும் அத்தகையதே. வலப்பக்க உறையும் இடப்பக்க உறையும் தனித்தனியானவை. ஒரு பக்கத்தில் நேரும் கேடு மறுபக்கத்தை உடனே தாக்காதிருப்பது இதனால்தான்.

நுரையீரலின் கீழ் எல்லையும் உறையின் கீழ் எல்லையும் ஒன்றல்ல. காறையெலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே இறங்கும் கோட்டில் நுரையீரல் 6ஆம் விலா வரையிலும், அக்குளின் நடுக்கோட்டில் 8ஆம் விலா வரையிலும், முதுகெலும்பின் பக்கத்தில் 10ஆம் விலா அளவிலும் முடிகிறது. உறையோ அதே கோடுகளில் முறையே 8, 10, 12ஆம் விலாக்கள் வரை இறங்குகிறது. இரண்டு விலா அளவுக்கு உள்ள இவ்வேறுபாட்டால் விலாவுக்கும் உதரவிதானத்துக்கும் இடையே ஒரு ஒடுங்கிய மூலை உண்டாகிறது. ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது நுரையீரல் அதனுள் இறங்குகிறது. நோயால் நீர் மிகும்போது, நிமிர்ந்திருப்பவருக்கு அது முதலில் தேங்கும் இடமும் இம்மூலையே.

பாலூட்டிகளுள் யானை இதற்கொரு விதிவிலக்கு. அதன் இரு படலங்களுக்கும் இடையே வெளியே இல்லை. இணைப்புத்திசு நிறைந்து இரண்டையும் பிணைத்துள்ளது. யானை நீருள் மூழ்கித் துதிக்கையை மட்டும் மேலுயர்த்தி மூச்சு விடும்போது ஏற்படும் அழுத்த வேறுபாட்டைத் தாங்குவதற்கே இவ்வமைப்பு என்று உடலியங்கியல் அறிஞர் ஜான் வெஸ்ட் 2001ஆம் ஆண்டில் கருத்துரைத்தார்.

மூச்சின் இயக்கம்

நுரையீரலில் தானாக விரியும் தசை இல்லை. அது மீள்தன்மையால் எப்போதும் சுருங்க முயல்கிறது. மார்புச்சுவரோ வெளிநோக்கி விரிய முயல்கிறது. இவ்விரு எதிர்விசைகளுக்கும் இடைப்பட்ட உறையிடைவெளியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைந்திருக்கும். அமைதியாக மூச்சை வெளிவிட்ட நிலையில் இக்குறைவு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீரழுத்தம்; உள்ளிழுக்கும்போது 7 அல்லது 8 வரை மிகும். தசைகள் மார்புக்கூட்டை விரிக்க, சுவர்ப்படலம் உடன்செல்ல, இடைவெளியின் அழுத்தம் மேலும் குறைய, உள்ளுறுப்புப் படலமும் அதனோடு நுரையீரலும் விரிகின்றன. காற்று உட்புகுகிறது.

எனவே, காற்று நுழைவதால் மார்பு விரிகிறது என்று மாணவர்க்குச் சொல்வது காரண காரியத்தைத் தலைகீழாக்குவதாகும். மார்பு விரிவதால்தான் காற்று நுழைகிறது. துருத்தியை விரித்தால் காற்று உட்செல்வதைக் காட்டி இதனை விளக்கலாம்.

வலியும் நோயும்

உள்ளுறுப்புப் படலத்திற்கு வலியுணர்வு இல்லை. சுவர்ப்படலம் வலியை மிகக் கூர்மையாக உணரும். விலாப்பகுதிச் சுவர்ப்படலத்தின் உணர்ச்சி விலாவிடை நரம்புகளின் வழியே செல்கிறது. உதரவிதானத்தின் நடுப்பகுதியை ஒட்டிய படலத்தின் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து இறங்கி வருவது. தோள்பட்டைத் தோலின் உணர்ச்சியும் கழுத்துப் பகுதியின் அதே நரம்புகளைச் சார்ந்தது. இதனால், மார்பின் அடியில் உள்ள அழற்சி தோளில் வலியாக உணரப்படலாம். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு நோய் உதரவிதானத்தின்மேல் இருக்கக்கூடும்.

உறையில் அழற்சி ஏற்பட்டால் வழுவழுப்பு நீங்கி இரு படலங்களும் உரசுகின்றன. மூச்சிழுக்கும்போதும் இருமும்போதும் குத்துவது போன்ற வலி எழும். பின்னர் நீர் சேர்ந்து படலங்களைப் பிரித்துவிட்டால் உரசல் குறைந்து வலியும் தணியும். அதே வேளையில் மூச்சுத்திணறல் மிகும். வலி தணிந்ததை நோய் தணிந்ததாகக் கருதுவது இடர் விளைக்கும்.

உறையிடைவெளியில் காற்றுப் புகுந்தால், இழுத்துப் பிடித்திருந்த விசை நீங்கி நுரையீரல் சுருங்குகிறது. மார்புச்சுவரில் நேரும் காயத்தாலோ நுரையீரலின் மேற்பரப்பு கிழிவதாலோ இது நிகழலாம். நீர் சேர்வதற்கு இதயச் செயற்குறை, நிமோனியா, காசநோய், புற்றுநோய் முதலியன காரணங்களாகலாம். நிமிர்ந்த நிலையில் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீர் இருந்தால் அது தெரியவரும்.

நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே நீர் நிறைவது வேறொரு நிலை. இடப்பக்க இதயம் குருதியைத் தள்ள இயலாது சோரும்போது பெரும்பாலும் இது நிகழும். அந்நீரை ஊசியால் எடுக்க இயலாது. கடற்பஞ்சில் ஊறிய நீரைக் குத்தி எடுக்க முடியாதது போன்றது அது. உயிர்க்காற்று அளித்தும், சிறுநீர் பெருக்கும் மருந்து தந்தும், அடிப்படை நோயைக் கவனித்தும் அதனைத் தீர்ப்பர். உறையிடையே சேர்ந்த நீரோ பஞ்சுக்கும் கிண்ணத்துக்கும் இடையே தேங்கிய நீர் போன்றது. அதனை எடுக்கலாம். நோயாளியை உட்கார வைத்து, மேசைமீது முன்சாய்ந்திருக்கச் செய்து, மிகையொலிக் கருவியால் நீருள்ள இடத்தை அறிந்து, விலாவின் மேல்விளிம்பை ஒட்டி ஊசி செலுத்துவர். ஒரே முறையில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை.

இவ்விரு நிலைகளையும் 'நுரையீரலில் நீர்' என்னும் ஒரே தொடரால் நாம் குறிக்கிறோம். மலாய்ப் பேச்சுவழக்கில் உள்ள 'பாரு-பாரு பெராயர்' என்னும் தொடரும் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. நம் நாட்டுத் தமிழர் பலர் மருத்துவமனையில் முதலில் செவிமடுப்பது அம்மலாய்த் தொடரையே. அதனை நேர்ப்பெயர்ப்பாகத் தமிழாக்கும்போது மயக்கமும் உடன்வருகிறது.

கலைச்சொல்லும் உருபும்

மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வி அளித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலும் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் அவர்தம் முயற்சியால் வெளிவந்தது. முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடுதல், கிடைக்காவிடின் வடசொல்லை நாடுதல், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல் என்பது அவர் பின்பற்றிய நெறி. கலைச்சொல்லாக்கம் பற்றி இன்று நிகழும் விவாதங்களும் பெரும்பாலும் இம்மூன்று வழிகளையே சுற்றி வருகின்றன.

நாம் பேசும் உறைக்கும் இன்று 'புளூரா', 'நுரையீரல் உறை', 'புடைச்சவ்வு' என மூவகைச் சொற்கள் வழங்குகின்றன. 'புளூரா' என்பது விலா, பக்கம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. மருத்துவர்க்கு அது தெளிவானது. நோயாளிக்கு எதையும் உணர்த்தாது.

'புடைச்சவ்வு' என்பதில் புடை என்பது பக்கத்தைக் குறிக்கும். கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. விலா, விலாப்புறம் என்னும் நம் சொற்களிலும் எலும்பும் பக்கமும் அவ்வாறே ஒன்றுபட்டு நிற்கின்றன. சொல்லாக்க நோக்கில் இது மிகப் பொருத்தமான சொல். எனினும் இன்றைய பேச்சுவழக்கில் புடைத்தல் என்றால் வீங்குதல் என்றே கேட்போர் கொள்வர். உயர்நிலை நூல்களில் இதனை ஆளலாம். நோயாளியிடம் ஆளும்போது விளக்கம் தேவை.

'நுரையீரல் உறை' யாவர்க்கும் எளிதில் விளங்கும். இடர்ப்பாடும் அவ்வெளிமையிலேயே உள்ளது. 'நுரையீரல் உறைக்குள் நீர்' என்று சொன்னால், உறைக்குள் இருப்பது நுரையீரல் ஆகையால், நீரும் நுரையீரலில் இருப்பதாகவே தமிழ் அறிந்தோர் கொள்வர். தலையணை உறைக்குள் இருப்பது தலையணை அன்றோ? விளக்கத்தாளை எழுதியவரும் இவ்வழியிலேயே பிழையுற்றிருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். இங்குப் பெயர்ச்சொல் குற்றமற்றது. அதனோடு சேர்ந்த 'உள்' என்பதே பொருளைத் திரித்தது.

நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைக் கூறுகிறது. உள், அகம், புறம், இல் என்பனவற்றோடு இடை, புடை என்பனவும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. இடப்பொருளை இத்துணை நுட்பமாக வேறுபடுத்தும் வாய்ப்பு நம் மொழியில் இருந்தும், நடைமுறையில் அனைத்தையும் 'இல்' என்னும் ஒன்றில் அடக்கிவிடுகிறோம். நுரையீரலகத்து நீர் வேறு. நுரையீரற்புடை நீர் வேறு. முன்னதற்கு ஊசி உதவாது, பின்னதற்கு உதவும்.

ஆகவே, பின்வரும் வழக்காற்றை முன்வைக்கிறோம். பாடநூல்களில் 'நுரையீரல் உறை' என்னும் சொல்லை முதன்முறை ஆளுமிடத்து, அது இரு படலங்களை உடையது என்பதைத் தவறாது குறித்தல் வேண்டும். காற்றறைகளில் நிறையும் நீரை 'நுரையீரலுக்கு உள்ளே நீர்' என்றும், மற்றையதை 'நுரையீரலைச் சுற்றி நீர்' அல்லது சுருக்கமாக 'உறையிடை நீர்' என்றும் வேறுபடுத்தலாம். காற்றுப் புகுந்த நிலையை 'உறையிடைக் காற்று' எனலாம். இவை புதுச்சொற்கள் அல்ல. உள்ள சொற்களை உரிய உருபோடு சேர்த்தவையே.

முடிவுரை

கலைச்சொல் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே எண்ணுகிறோம். மொழிபெயர்ப்புப் பயிலரங்குகளிலும் பெயர்களுக்கே நேரம் செலவிடப்படுகிறது. ஆனால் உடற்கூற்றியல் என்பது எது எதன்மேல், எது எதற்கு இடையே, எது எதன் பின்னே என இடங்களை உரைக்கும் கலை. அதன் உயிர் வேற்றுமை உருபுகளிலும் சொல்லுருபுகளிலும் உள்ளது. ஏழாம் வேற்றுமையைக் கற்பிக்கும் தமிழாசிரியர் மரத்தில் பறவை, வீட்டில் விளக்கு என்பவற்றோடு நின்றுவிடாமல், நம் உடலையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாணவர் தம் விலாவைத் தொட்டு, மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் வேறுபடுத்திச் சொல்லப் பழகினால் இலக்கணமும் அறிவியலும் ஒருங்கே விளங்கும்.

அம்மூதாட்டி பின்னர்ச் சிகிச்சைக்கு உடன்பட்டார். அவருடைய மகள் தாயின் விலாவில் விரல் வைத்து, "ஊசி இந்த எலும்புக்கு மேலாகப் போகும், ஈரலைத் தொடாது, ஈரலுக்கும் விலாவுக்கும் நடுவிலே நிற்கிற தண்ணீரை மட்டும் எடுக்கும்" என்று சொன்னதே அதற்குக் காரணம். அம்மகள் எந்தக் கலைச்சொல்லையும் ஆளவில்லை. 'மேலாக', 'நடுவிலே' என்னும் இரு சொற்களைச் சரியான இடத்தில் வைத்தார். நாம் பிழையில்லை என்று விட்டுவிட்ட விளக்கத்தாளையும் அதன்பின் திருத்தி அனுப்பினோம். 'நுரையீரலுக்குள் ஊசி செலுத்தி' என்பது, 'நுரையீரலுக்கும் மார்புச்சுவருக்கும் இடையே சேர்ந்துள்ள நீருக்குள் ஊசி செலுத்தி' என்றாயிற்று. தொடர் சற்று நீண்டது. நோயாளி தம் உடலுக்கு நேரவிருப்பதை உள்ளபடி அறிந்து உடன்படவோ மறுக்கவோ அந்நீளம் தேவை.